கடதாசிக்கு வைத்த சோதனை

ரொறன்ரோவில் இறங்கியதும் நான் நம்பிய முதல் பொருள் ஓர் அம்புக்குறி. பயணப்பெட்டிப் படத்துக்குப் பக்கத்தில் அது மேல்நோக்கி நின்றது. பெட்டி மேல்மாடியில் இருக்கிறது என்று நினைத்து, நகரும் படியில் ஏறினேன். மேலே வெறும் கதிரைகளும் ஒரு பூட்டிய கடையும் இருந்தன. என்னோடு விமானத்தில் வந்த ஒருவரையும் அங்கே காணவில்லை. எல்லாரையும் வேறு பக்கம் அனுப்பிவிட்டு என்னை மட்டும் ஏன் தனியே விட்டிருக்கிறார்கள் என்று யோசித்தபடி ஒரு கதிரையில் இருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நிலம் துடைக்க வந்த ஒரு பெண் என் கையிலிருந்த பயணச்சீட்டைப் பார்த்தாள். சட்டைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு வந்தாள். அங்கே என் பெட்டி மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பூட்டில் யாரும் கை வைத்திருக்கிறார்களா என்று மூன்று தரம் பார்த்தேன்.

வெளியே என் அக்காவின் மகள் வதனி காத்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வயதில் கொழும்பிலிருந்து போனவள். இப்போது என்னைவிட உயரம்.

“என்ன மாமா, ஒண்டரை மணித்தியாலம். கஸ்டம்ஸில பிடிச்சுப்போட்டாங்களோ?”

“அம்பு மேல காட்டினது. மேல போனன்.”

“உது நேர போங்கோ எண்டு அர்த்தம் மாமா.”

“நேர எண்டால் நேரயெல்லோ காட்டவேணும்?”

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து ஏதோ எழுதினாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன்.

“நீங்கள் சொன்னதை.”

அதற்குப் பிறகு கார் வீடு போய்ச் சேரும்வரை நான் வாய் திறக்கவில்லை. கொழும்பில் நான் சொன்னதை எழுதிக்கொண்டவர்கள் எல்லாரும் சீருடை போட்டவர்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வெள்ளவத்தையில் ஒரு பேக்கரியில் பாண் போடுகிறேன். ஒருமுறை பொலிஸ் நிலையத்தில், எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய கடதாசி ஒன்றில் கையெழுத்துப் போட்டேன். பதிவுக்குத்தான் என்றார்கள். ஒன்பது நாள் உள்ளே இருந்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால் கடதாசி எந்த நாட்டில் இருந்தாலும் அதை நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பேன்.

இந்தப் பயணமே அக்காவுக்காகத்தான். அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. இரண்டு மாதத்துக்குள் மூன்று தரம் மயங்கி விழுந்துவிட்டாள். நெஞ்சிலும் கோளாறு இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டு, குழாய் விட்டுப் பார்க்க நாள் குறித்திருந்தார். “அதுக்கு முதல் ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ” என்று தொலைபேசியில் அழுதாள். எங்கள் குடும்பத்தில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். அதற்கு முந்தியே விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டிருந்தது, மூன்றாம் தரம்தான் கிடைத்தது. ஏன் மறுத்தார்கள், ஏன் தந்தார்கள், இரண்டுக்கும் காரணம் சொல்லவில்லை.

மல்வேர்னில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று அவர்களுடையது. அடுத்த நாள் காலை அக்கா புட்டும் மீன்குழம்பும் வைத்தாள். மீன் பொரித்த புகைக்குக் கூரையில் இருந்த வட்டமான பெட்டி ஒன்று அலறியது. அக்கா கலங்காமல் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினாள். “இஞ்சை மீனுக்கும் சங்கு ஊதுவினம்” என்றாள். விழுந்து எழும்பியவள் கதிரையில் ஏறுகிறாளே என்று நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர்களுடைய பாணையும் பார்த்தேன். வெட்டி, பைக்குள் போட்டு விற்கிறார்கள். ஒரு முழுத் துண்டைக் கையில் வைத்து அமத்தினால் தேசிக்காய் அளவுக்கு வருகிறது. அந்தப் பை வாங்கி ஆறு நாள் என்றாள் அக்கா. ஒரு புள்ளி பூஞ்சணம் இல்லை. ஆறு நாளாகியும் பழுதாக மறுக்கிற பாணை என்னால் நம்ப முடியவில்லை. புட்டையே சாப்பிட்டேன்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூன்று வரிசை. முதல் வரிசையில் உதிக்கிற சூரியன், ஒரு மருந்துக் குளிசை, ஒரு சோற்றுக் கோப்பை. இரண்டாவதில் உச்சிச் சூரியன், குளிசை, கோப்பை. மூன்றாவதில் நிலா, குளிசை, கோப்பை. மேலே பெரிய தமிழ் எழுத்தில் ‘சீனிக் குளிசை, சாப்பாட்டோடு’ என்று இருந்தது.

“உது நான் கீறினது” என்றாள் வதனி. “அம்மாவுக்கு எண்டு முதல்ல கீறினன். இப்ப ஆஸ்பத்திரிக்காரர் தங்கட தமிழ் ஆக்களுக்கும் கேட்கினம். உதுதான் மாமா என்ரை வேலை. இன்ஃபர்மேஷன் டிசைன்.”

“அதென்ன?”

“தகவல் வடிவமைப்பு. ஒரு விசயத்தைச் சனத்துக்கு விளங்கிற மாதிரி ஒழுங்குபடுத்திறது. ரோட்டு போர்டு, மாப், ஃபோம், மருந்துக் கடதாசி, எல்லாம்.”

“அதுக்கு ஒரு படிப்போ?”

“ஒண்டில்லை. நாலைஞ்சு படிப்பைச் சேர்த்துத்தான் உது.”

நான் தலையாட்டினேன். விளங்குகிற மாதிரி எழுதுவதற்கு இப்போது ஆள் வைக்கிறார்கள் என்றால், இவ்வளவு காலமும் விளங்காத மாதிரி எழுதினது யார், என்ன காரணத்துக்காக என்பதுதான் எனக்கு யோசனை.

திங்கட்கிழமை அவள் என்னைத் தன் வேலைத்தலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு பேருந்து, ஒரு சின்ன ரயில், பிறகு நிலத்துக்கு அடியில் ஓடுகிற பெரிய ரயில். நிலையச் சுவரில் பாதைப் படம் இருந்தது. நேரான கோடு, அதில் சம இடைவெளியில் புள்ளிகள். நகரத்துக்குள் நேரம் இருந்ததால் ஒரு நிலையம் முந்தியே இறங்கி நடந்தோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. படத்தில் ஒரு புள்ளிக்கும் மற்றப் புள்ளிக்கும் என் பெருவிரல் அகலம். அதை மனதில் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு இரண்டு நாள் கழித்து என் காலை வாரியது.

புதன்கிழமை தனியே கடைப் பக்கம் போய்த் திரும்பும்போது வார்டன் நிலையத்துக்கு வந்தேன். படத்தைப் பார்த்தேன். அடுத்தது கெனடி, ஒரே ஒரு பெருவிரல். எதற்கு ரயில் என்று நடந்தேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் நடந்தேன். வெயில் கொழும்பு வெயிலைவிடக் குறைவில்லை. வழியில் நடக்கிற மனிதர் ஒருவரையும் காணவில்லை. எல்லாரும் காரில் போய், என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். படம் போட்டவர்கள் வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று வதனியிடம் சொன்னேன்.

“உது தூரம் காட்டுற படம் இல்லை மாமா. எங்க ஏறுறது, எங்க இறங்கிறது, அவ்வளவுதான். தூரத்தையும் காட்டினால் நடுவில இருக்கிற பேரெல்லாம் நெரிஞ்சுபோகும். அதால விட்டது.”

“விட்டதை ஆர் தீர்மானிக்கிறது?”

“நாங்கள்தான்” என்றாள். கொப்பியை எடுத்தாள். இந்த முறை நான் பேச்சை நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்ல வந்தேன். முன்பு உடுப்புத் தைத்த தொழிற்சாலை ஒன்றின் நாலாம் மாடியில் அவளுடைய கந்தோர். மேசையில் மூன்று பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர், எழுத்துகளின் பருமனையும் இடைவெளியையும் பார்ப்பவர். தமிழ் தெரியாது, ஆனால் எங்கள் ‘ண’வின் சுழிகள் சின்ன எழுத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். அடுத்தது, கண் பார்த்ததை மனம் எப்படிப் பிடிக்கிறது என்று படித்த ஒரு பெண். மூன்றாவது, திரினிடாட்டைச் சேர்ந்த ஒரு தாதி, மருந்து விசயம் பிழைக்காமல் பார்க்க. வதனி கீறுகிறவள், தமிழும் அவளுடைய பொறுப்பு. ஒரு தாளுக்கு நாலு பேர். எங்கள் பேக்கரியில் இருநூறு பாணுக்கு மூன்று பேர்.

முதலில் ஒரு படிவம் தந்தார்கள். சம்மதக் கடதாசி, கையெழுத்துப் போடவேண்டும் என்றாள் வதனி. கையை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டேன். நெட்டையர் ஏதோ சொல்ல, “போடாட்டியும் பரவாயில்லையாம், உங்கட பேரைப் பதிய மாட்டினம்” என்றாள். பேரைப் பதியமாட்டோம் என்று சொல்லியும் பதிந்தவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு அந்தத் தாளை வைத்தார்கள். குளிர்சாதனப் பெட்டியில் பார்த்த அதே தாள், நல்ல அச்சில்.

“மாமா, உதைப் பார்த்து, நீங்கள் நோயாளி எண்டால் என்ன செய்வியள் எண்டு சொல்லுங்கோ.”

கண்ணைப் பற்றிப் படித்த பெண் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“விளங்குது” என்றேன்.

“என்ன விளங்குது?”

“எல்லாம்.”

“விளங்காதது ஏதும் இருந்தால் அதுதான் எங்களுக்கு வேணும். உங்களைச் சோதிக்கேல்லை மாமா. கடதாசியைத்தான் சோதிக்கிறம்.”

என் வாழ்க்கையில் இதைவிடச் சந்தேகமான பேச்சை நான் கேட்டதில்லை. சோதனையில் கடதாசி எங்கே தோற்றிருக்கிறது? ஐந்தாம் வகுப்பில் தோற்றது நான். பொலிஸ் நிலையத்தில் தோற்றதும் நான். இரண்டு இடத்திலும் கடதாசி அலுங்காமல் அப்படியே இருந்தது. மறுபடியும் “விளங்குது” என்றேன். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்து எதையோ குறித்தாள். கோப்பியும் நடுவில் ஓட்டை விட்ட பணிசும் தந்தார்கள். மா நன்றாகப் பொங்கியிருந்தது. எண்ணெய் பழசு.

திரும்பி வரும்போது வதனியின் முகம் வாடியிருந்தது.

“எல்லாரும் விளங்குது எண்டுதான் சொல்லுகினம். இனி அடுத்த கிழமை அச்சுக்குப் போயிடும். பிறகு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போகும், மாத்தேலாது.”

“நல்லதுதானே.”

“தெரியேல்லை மாமா. ஆரும் ஒரு பிழையும் சொல்லாட்டி எனக்குப் பயம்.”

வெள்ளிக்கிழமை வந்தது. வதனி வேலைக்குப் போனபிறகு அக்கா குளித்து, திருநீறு பூசி, சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்தாள். காலையில் எனக்குப் புட்டு அவித்துத் தந்தாள். தான் ஒன்றும் தொடவில்லை.

“விரதமோ?”

“ஒரு நேரம்தான் சாப்பாடு. பன்னிரண்டு வெள்ளி எண்டு முருகனுக்கு நேத்தி. உனக்கு ரெண்டாந்தரமும் விசா மறுத்தாங்களெல்லே, அப்ப பிடிச்சது. வதனிப் பெட்டையிட்டைச் சொல்லிப்போடாதை, டாக்டரிட்டைச் சொல்லிக் கூத்தாக்கிப்போடுவாள்.”

எனக்காகப் பிடித்த விரதம். புட்டைச் சாப்பிட்டு முடித்தேன்.

மத்தியானம் சோறும் மூன்று மரக்கறியும் வைத்தாள். தலைவாழை இலை கிடைக்காததால் புதுக் கோப்பையில். சாப்பிட்டு முடிந்ததும் குளிசைப் போத்தலைத் திறந்தாள். மூன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

“மூண்டோ?”

“வேற என்ன? சாப்பாட்டோடை எண்டுதானே போட்டிருக்கு. இண்டைக்கு ஒரு சாப்பாடுதான். நீ ஒருக்காப் பாரன்.”

நான் எழும்பிப் போய்த் தாளைப் பார்த்தேன். சூரியனையோ நிலாவையோ நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு குளிசைக்கும் பக்கத்தில் சோற்றுக் கோப்பை இருந்தது. மூன்று குளிசையும் சோற்றோடு போகவேண்டும், சோறு ஒன்றுதான். கணக்குச் சரியாக வந்தது.

“ஓம், சாப்பாட்டோடைதான்” என்றேன்.

அவள் விழுங்கினாள்.

மூன்று மணி இருக்கும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவளின் கை நடுங்கியது. மேல் உதடு வேர்த்தது. “தம்பி, எனக்கு ஏதோ செய்யுது” என்றவள், என்னைப் பார்த்து செத்துப்போன எங்கள் தகப்பனைக் கூப்பிடுவதுபோல “ஐயா” என்றாள். கதிரையிலிருந்து சரிந்தவளைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பேக்கரி முதலாளிக்கும் இந்த வருத்தம்தான். அவர் நடுங்கும்போது நாங்கள் செய்வதை நான் செய்தேன். சீனி நிறையப் போட்ட தண்ணீர். “விரதமடா” என்று வாயை மூடிக்கொண்டாள். கன்னத்தைப் பிடித்துப் பருக்கினேன். அக்காவின் வாயைப் பலவந்தமாகத் திறந்தது அன்றைக்குத்தான்.

கால் மணி நேரத்தில் தெளிந்தாள். தெளிந்ததும் முதல் பேச்சு, “விரதத்தைக் கெடுத்துப்போட்டாய்.”

“முந்தி விழுந்ததும் வெள்ளிக்கிழமையோ அக்கா?”

அவள் விரலை மடித்துப் பார்த்தாள். மூன்றாவது விரலை மடிக்கும்போது என் முகத்தைப் பார்த்தாள்.

“பெட்டையிட்டைச் சொல்லாதை” என்றாள், மெதுவாக.

வதனி வருவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. சொன்னால் அக்காவின் நேத்தி அம்பலமாகும். அதோடு, திங்கட்கிழமை எல்லாம் விளங்குது என்று சொன்னவனுக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்பதும் அம்பலமாகும். சொல்லாவிட்டால் அடுத்த வெள்ளி வரும். இவளுக்கு மட்டும் என்றாலும் பக்கத்தில் இருந்து காவல் காக்கலாம். அந்தத் தாள் போகிற வீடுகளில் எத்தனை அக்காமார் ஒரு நேரம் சாப்பிடுகிறார்களோ, அவர்களுக்கு யார் காவல்?

வதனி சப்பாத்தைக் கழற்ற முதலே வாசலில் வைத்துச் சொல்லிவிட்டேன். உள்ளே வரவிட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று தான் கீறியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் கீறினது” என்றாள். “ரெண்டு மாசமா என்ரை கையால அம்மாவை விழுத்தியிருக்கிறன்.” பிறகு டாக்டருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

அக்கா சமையலறைக்குள் இருந்தபடி, “சொல்லிப்போட்டான். சின்னனிலயும் உவன் கோள்மூட்டிதான்” என்றாள். ஒன்றரை நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது, கோப்பை சத்தத்தோடு.

மறு திங்கட்கிழமை நானாகவே கேட்டு, வதனியோடு அந்தக் கந்தோருக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். வதனி ஒவ்வொரு வசனமாக மாற்றிச் சொன்னாள். “போன கிழமை எனக்கு விளங்கேல்லை. விளங்குது எண்டு சொன்னது பொய்” என்ற இடத்தை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். நெட்டையர் எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடிகாரக்காரி முகம் மலர்ந்து பக்கம் பக்கமாக எழுதினாள்.

இவர்கள் ஏன் சந்தோசப்படுகிறார்கள்? ஒரு மனுசி சாகப்பார்த்திருக்கிறாள். என் சந்தேகம் திரும்பி வந்தது. தாதி மட்டும் சிரிக்கவில்லை. என்னென்ன நாளில் விரதம், பால் குடிக்கலாமா, பழம் சாப்பிடலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். “நோன்பு இருக்கிற முஸ்லிம் நோயாளிகளிடம் நான் வருடா வருடம் கேட்பேன். இவர்களிடம் கேட்கத் தோன்றவில்லை” என்று அவள் சொன்னதாக வதனி சொன்னாள். அவளை நம்பலாம் என்று பட்டது.

அங்கேயே நாலாவது வரிசை ஒன்றைக் கீறத் தொடங்கினார்கள். சாப்பிடாத நேரம் அந்த நேரத்துக் குளிசையும் இல்லை, பிறகு சேர்த்துப் போடக்கூடாது, விரதம் என்றால் முதலே டாக்டரிடம் சொல்லவேண்டும் என்று தாதி சொல்லச் சொல்ல, வதனி ஒரு வெறும் கோப்பையைக் கீறினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு ஒன்று உறுத்தியது. பேசாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

“பிள்ளை, வெறுங் கோப்பை எண்டால் சாப்பிட்டு முடிஞ்சுது எண்டெல்லோ அர்த்தம்?”

வதனி மாற்றிச் சொன்னாள். நாலு பேரும் அந்தக் கோப்பையைப் பார்த்தார்கள்.

“அப்ப என்ன கீற மாமா?”

“சாப்பாடு இல்லையெண்டால் நாங்கள் கோப்பையைக் கவிட்டெல்லோ வைக்கிறது.”

அவள் கோப்பையைக் கவிழ்த்துக் கீறினாள். கடிகாரக்காரி கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கீழ்மாடிக்குப் போனாள், அங்கே துடைக்கிற வேலை செய்யும் எங்கள் ஆள் ஒருவரிடம் காட்டிச் சோதிக்க. என்னுடைய பேச்சையும் நம்பாமல் சோதிக்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

சம்மதக் கடதாசியை மறுபடியும் வைத்தார்கள். வதனி முழுவதையும் தமிழில் இரண்டு தரம் வாசித்தாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

நெஞ்சுச் சோதனையை டாக்டர் தள்ளிவைத்தார். மிச்ச வெள்ளிகளில் அக்கா, டாக்டர் சொன்னபடி மூன்று நேரமும் பாலும் பழமும் கொஞ்சம் சோறுமாகச் சாப்பிட்டு, மீனும் இறைச்சியுமான மச்சம் மட்டும் தவிர்த்தாள். நான் புறப்பட்ட அன்று விமான நிலையத்தில், “முருகன் உன்னைக் கூப்பிட்டது உதுக்குத்தான். நேத்தி வீண்போகேல்லை” என்றாள். விழுத்தினதும் அந்த நேத்திதான் என்று நான் சொல்லவில்லை.

விமானத்தில் முன் கதிரையின் பையில் ஓர் அட்டை இருந்தது. முழுக்கப் படம். வரும்போது அதை எடுத்துப் பார்த்துவிட்டு, விளங்கின முகத்தோடு திரும்ப வைத்தவன் நான். இப்போது முதலிலிருந்து பார்த்தேன். மிதவை அங்கியை ஊதுகிற படத்தில், ஊதுகிறவன் கதவுக்கு உள்ளே நிற்கிறானா, வெளியே நிற்கிறானா என்று தெரியவில்லை.

பணிப்பெண்ணைக் கூப்பிடுகிற பொத்தானில் விரலை வைத்து எடுத்தேன். பிறகு அமத்தினேன். அவள் வந்தாள். படத்தைத் தொட்டுக் காட்டி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இது எனக்கு விளங்கவில்லை என்றேன்.

அவள் குனிந்து, கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். வெளியே போன பிறகுதான் ஊதவேண்டும்.

பக்கத்து இருக்கையில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் அதுவரை பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, தன் முன் கதிரைப் பையிலிருந்த அட்டையை மெதுவாக வெளியே எடுத்தார்.